பலூனிலிருந்து விட்ட மணல்மூட்டை

வெயில் ஏற ஏறத் தகரம் பேசும் என்பது அதற்குக் கீழே இருந்து படித்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் கிழக்கு மூலையில் ஓர் ஆணி 'டிக்' என்று முனகும். பிறகு நடுவில் ஒரு தகடு நெளிந்து 'டொக்' என்று அதற்குப் பதில் சொல்லும். பத்து மணியாகும்போது கூரை முழுவதும் தாளிக்கும் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல ஓயாத ஒரு சத்தம் எழுந்து, அதனோடு புதுத் தகரத்தின் எண்ணெய் மணமும் கீழே இறங்கி, எழுதிக்கொண்டிருப்பவனின் முழங்கையை மேசையோடு ஒட்டவைத்துவிடும். அந்தச் சத்தத்துக்கும் மணத்துக்கும் இடையில் இருந்துதான், புவியீர்ப்பினால் பொருட்கள் எப்படிக் கீழே விழுகின்றன என்பதை நான் கற்றேன். கற்கவில்லை என்று என்னுடைய பெறுபேற்றுப் பத்திரம் சொல்லும். அந்தப் பத்திரத்துக்கும் எனக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

யுத்தம் முடிந்து, ஆட்களை அவரவர் ஊர்களில் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. மன்னார்ப் பெருநிலத்தில், முசலிப் பக்கம் போகும் தெருவிலிருந்து உள்ளே இறங்கினால் வரும் வயற்கிராமம் எங்களுடையது. குளம் இருந்தது, வயல் இருந்தது, வயலுக்கும் எங்களுக்கும் நடுவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடாவும் இருந்தது. மிதிவெடி அகற்றுகிறவர்கள் கட்டிவைத்த அந்த நாடாவைத் தாண்டி மாடுகள் மட்டும் போய்வந்தன, அவற்றிலும் சில போய் வரவில்லை. பனைகள் பலவற்றுக்குத் தலை இல்லை. பள்ளிக்கூடக் கட்டடம் தன் கூரையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு தகரக் கொட்டில் போட்டு, நடுநடுவே 'தறப்பாள்' கட்டி வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். தறப்பாளுக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்புச் சமயபாடம், இந்தப் பக்கம் உயர்தரப் பௌதிகவியல். அவர்கள் தேவாரம் பாடத் தொடங்கினால் எங்கள் சமன்பாடுகளையும் அந்தப் பண்ணிலேயே மனப்பாடம் செய்யவேண்டியதுதான்.

பௌதிகவியலுக்கு நாங்கள் மூன்று பேர். மூவரும் மூன்று திசைகளிலிருந்து வந்தவர்கள். நான் தமிழ்நாட்டு அகதி முகாம் ஒன்றில் வளர்ந்து, அங்கே இயற்பியலில் கொஞ்சம் படித்து, அந்தக் கொஞ்சத்தை ஒரு பெரிய பொதியாகச் சுமந்துகொண்டு வந்தவன். றியாஸ் கொண்டச்சிக்காரன், அவன் பிறக்கும் முன்பே அவனுடைய குடும்பம் ஊரை விட்டுப் புத்தளத்துக்குப் போக நேர்ந்தது, எனவே தான் ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு அவன் 'திரும்பி' வந்திருந்தான். அவர்கள் பக்கத்துப் பள்ளியில் விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் தினமும் சைக்கிள் மிதித்து எங்களிடம் வந்து, இங்கேயும் அது பெயரளவில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டவன். மூன்றாவது வதனியக்கா. என் பெரியம்மாவின் மகள். வன்னிக்குள் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் முட்கம்பி முகாமொன்றில் இருந்து, தாயும் மகளுமாக வந்து சேர்ந்தவர்கள். இடப்பெயர்ச்சி என்ற பௌதிகச் சொல்லை வைத்து நான் இங்கே ஏதோ ஒரு சிலேடை செய்யப்போகிறேன் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். எங்கள் மாவட்டத்தில் அந்தச் சிலேடையைச் செய்யாத ஆசிரியரும் இல்லை, அரச அதிபரும் இல்லை, நான் விட்டுவிடுகிறேன்.

ஆசிரியர் என்றதும் சொல்லவேண்டும்: பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. 'வெற்றிடம்' என்று பள்ளி அதிபரின் அறையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வெற்றிடத்தில் எல்லாப் பொருட்களும் ஒரே ஆர்முடுகலுடன் விழும் என்று புத்தகம் சொன்னது. நாங்களும் அப்படியே, பாரம் கூடியவர் குறைந்தவர் என்ற வேறுபாடில்லாமல், ஒன்றாக விழுந்துகொண்டிருந்தோம். அதிபர் நல்ல மனிதர். வாரத்துக்கு ஒருமுறை வந்து தறப்பாளை விலக்கி எட்டிப் பார்த்து, "படியுங்கோ பிள்ளையள், ஆள் வருவார், கல்விக் கந்தோரிலை சொல்லியிருக்கு" என்பார். அவர் குரலில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தால், வரப்போகிறவர் ஆசிரியரா அவதாரமா என்று சந்தேகம் வரும்.

ஆகவே ஒருவருக்கொருவர் நாங்களே சொல்லிக்கொடுத்தோம். நான் 'முடுக்கம்' என்பேன், வதனியக்கா 'ஆர்முடுகல்' என்பாள், றியாஸ் புத்தளத்தில் ஒரு ரியூசன் மாஸ்டரிடம் படித்தவனாகையால் 'ஏக்சலரேசன்' என்பான். மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ளவே ஒரு கிழமை போனது. பழைய வினாத்தாள்களில் கோபுரங்கள் நிறைய வரும். கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விடப்படுகிறது, நிலத்தை அடைய எவ்வளவு நேரம்? எங்கள் ஊரில் உயரமாக இருந்த ஒரே பொருள் தண்ணீர்த் தாங்கி, அது கல்லுக்கு முன்னமே தான் விழுந்து பக்கவாட்டில் கிடந்தது. அதன் வயிற்றுக்குள் இருந்து எங்கள் ஊர் நாய்கள் எங்களைப் பார்த்தன. "விழுந்ததைப் பாத்து உயரம் கேக்காத" என்று அப்பா சொல்லுவார். அவர் சொன்னது தாங்கியைப் பற்றி இல்லை, எங்கள் குடும்பத்தைப் பற்றி. இருந்தாலும் அந்தக் கணக்குகளுக்கும் அது பொருந்திற்று.

எனக்கும் றியாஸுக்கும் இது முதல் தடவை. தவறினால் இன்னும் இரண்டு தடவை எழுதலாம். வதனியக்காவுக்கு இது 'தேர்ட் ஷை', மூன்றாவதும் கடைசியும். முதல் தடவை வன்னியில் பரீட்சை நடக்கும் நாளிலேயே பாதித் தாளோடு எழும்பி ஓடவேண்டி வந்தது. இரண்டாவது தடவை முகாம் கூடாரத்தில் இருந்து படித்து, இணைந்த கணிதத்திலும் இரசாயனவியலிலும் சித்தியடைந்து, பௌதிகத்தில் தவறிவிட்டாள். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடையவேண்டும் என்பது விதி. இம்முறை அது நடந்தால், எங்கள் மாவட்டத்துக்கு உள்ள வெட்டுப்புள்ளிக்கு அவளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கக்கூடும். நடக்காவிட்டால் நாலாவது தடவை என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. ஊரில் இருந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விடியலில் போகும் ஆடைத் தொழிற்சாலை பஸ்தான். பெரியம்மா அந்த பஸ் தெருவில் போகும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். "என்ர பிள்ளை எஞ்சினியர் ஆகாட்டியும் பரவாயில்லை, உதிலை மட்டும் ஏறக்கூடாது" என்பது அவளுடைய அன்றாடப் பிரார்த்தனை.

எங்கள் மூவரில் கெட்டிக்காரி வதனியக்காதான் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. நான் இரண்டு பக்கத்தில் போய்ச் சேராத இடத்துக்கு அவள் நாலு வரியில் போய்விடுவாள். மின்னியல், ஒளியியல், வெப்பவியல் எதிலும் தடக்கமாட்டாள். ஆனால் ஒரே ஒரு வகைக் கணக்கில் மட்டும், அதுவும் குழந்தைக் கணக்கு என்று சொல்லத்தக்க ஒன்றில், பிடிவாதமாகப் பிழைவிட்டாள். இயக்கவியலில் தொடங்கும் பிழை அங்கேயே நிற்காது. பரீட்சையில் அதைத் தொட்டுவரும் உபபகுதிகள் எல்லாம் சரிந்துவிடும். போன தடவை அவளைக் கவிழ்த்ததும் அதுதான் என்று றியாஸ் கணித்தான்.

கணக்கு இதுதான். ஒரு பலூன் செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் நேரே மேல்நோக்கிப் போகிறது. நிலத்திலிருந்து நாற்பது மீற்றர் உயரத்தில் இருக்கும்போது அதிலிருந்து ஒரு மணல்மூட்டை விடப்படுகிறது. மூட்டை நிலத்தை அடைய எடுக்கும் நேரம் என்ன? வளித்தடையைப் புறக்கணிக்க. இதில் உள்ள பொறி எல்லோருக்கும் தெரிந்தது. விடும் கணத்தில் மூட்டையும் பலூனோடு சேர்ந்து மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது. எனவே விட்ட பிறகும் அது கொஞ்சத் தூரம் மேலே போய், அங்கே ஒருகணம் நின்று, பிறகுதான் கீழே வரும். தொடக்க வேகம் பத்து, திசை மேல்நோக்கி. அப்படிப் போட்டால் இருபடிச் சமன்பாடு ஒன்று வந்து, நேரத்துக்கு இரண்டு விடை தரும்: நாலு, மறை இரண்டு. நேரம் பின்னோக்கிப் போகாது என்று எழுதி மறையை வெட்டிவிட்டால் விடை நாலு செக்கன். வதனியக்கா ஒவ்வொரு முறையும் தொடக்க வேகம் பூச்சியம் என்று போடுவாள். மூட்டை விட்ட இடத்திலிருந்து நேரே கீழே விழும். விடை மூன்று செக்கனுக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

"அக்கா, பலூன் மேலை போகுது. அப்ப மூட்டையும் மேலைதானே போகுது?" என்பேன் நான், சோக்கட்டியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டில் பார்த்த என் வாத்தியாரைப் போலக் கழுத்தைச் சாய்த்து.

"பிடிச்சிருக்கும் மட்டும்தான். விட்டா கீழைதான் வரும். மேலை போறதுக்கு அதுக்கென்ன செட்டையே முளைச்சிருக்கு?"

"புத்தகத்திலை..."

"புத்தகம் எழுதினவன் எப்பவாவது மேலையிருந்து சாமான் விழுறதைப் பாத்தவனே? நான் பாத்தனான்."

அதற்கு மேல் அவளோடு வாதிடுவது கஷ்டம். நான் முகாமில் நிவாரண அரிசி வாங்க வரிசையில் நின்ற காலத்தில் அவள் எதையெல்லாம் பார்த்தவள் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் கண்ணன் என்று ஒரு தம்பி இருந்தான். கடைசி மாதங்களில், விமானக் குண்டில் போய்விட்டான். தொலைபேசியில் செய்தி வந்தபோது அம்மா முகாம் வாசலில் உட்கார்ந்து அழுததும், பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டுக்குச் சோறு கொடுத்ததும் நினைவிருக்கிறது. ஊருக்கு வந்த பிறகு அவனைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பேசாத பெயர் இருந்ததால், அது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டிருந்தது.

பலூனுக்கு நாங்கள் எங்கே போவது? கிணற்றில் வாளியை வேகமாக இழுத்து, சட்டென்று நிறுத்தி, தண்ணீர் மேலே துள்ளுவதைக் காட்டினேன். "அது நீ உதறினபடியால்" என்று முடித்துவிட்டாள். பிறகு றியாஸுக்கு ஒரு யோசனை வந்தது. மேலே போகிறதைக் காட்ட முடியாவிட்டால் முன்னே போகிறதைக் காட்டுவோம். ஓடுகிற சைக்கிளிலிருந்து ஒன்றை விட்டால் அது விட்ட இடத்துக்கு நேர் கீழே விழுகிறதா, முன்னுக்குப் போய் விழுகிறதா? முன்னுக்குப் போனால், விட்ட பொருள் ஏற்றி வந்ததன் வேகத்தை வைத்திருக்கிறது என்று ஆகிவிடும். "பிறகு அக்கா தப்ப ஏலாது, மச்சான்" என்றான்.

பெரியம்மாவின் கொட்டிலுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில், ஒரு சனிக்கிழமை காலை, இந்தச் சோதனை நடந்தது. ஒழுங்கையின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டோம். விளாம்பழங்கள் ஒரு பையில். றியாஸ் சைக்கிள் ஓட்டுவது, நான் பின்னால் 'கரியரில்' இருந்து வட்டத்துக்கு நேர் மேலே வரும்போது பழத்தை விடுவது, வதனியக்கா வேம்பின் கீழ் இருந்து பார்ப்பது. நான் பின்னால் இருக்க ஒரு விஞ்ஞானக் காரணமும் இல்லை. எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. பதினெட்டு வயதில் சைக்கிள் ஓடத் தெரியாத ஒருவன் நியூட்டனுக்கு வக்காலத்து வாங்கப் புறப்பட்டதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

முதல் பழம் வட்டத்தைத் தாண்டிப் போய் விழுந்து, உருண்டு, நாடாவுக்குக் கீழால் அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்கள் மூவரும் அதை ஒரு மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றோம். அதை எடுக்க ஒருவரும் போகவில்லை. இரண்டாவது பழமும் வட்டத்தைத் தாண்டிற்று. மூன்றாவது தடவை றியாஸ் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்ட, நான் பழத்தோடு சேர்ந்து இறங்கிவிட்டேன். வட்டத்துக்கு நேர் மேலேதான் நான் சைக்கிளை விட்டுப் பிரிந்தேன். வட்டத்தைத் தாண்டிப் போய்த்தான் என் முழங்கால் தரையைத் தொட்டது.

"இதைவிட என்ன சாட்சி வேணும் அக்கா?" என்று றியாஸ் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கத்தினான். "இவனே முன்னுக்குப் போய்த்தான் விழுந்திருக்கான். வளித்தடையைப் புறக்கணிச்சிட்டான், தோலைத்தான் புறக்கணிக்க ஏலாமப் போச்சு!"

வதனியக்கா சிரித்தாள். நான் முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டே அவளைப் பார்த்தேன். உண்மையாகவே சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அப்போதுதான் பெரியம்மா, தேத்தண்ணிக் கோப்பைகளோடு கொட்டிலிலிருந்து வெளியே வந்தாள். அவளும் கொஞ்ச நேரம் வாசலில் நின்று எங்கள் கூத்தைப் பார்த்திருக்கிறாள் போல.

"உதுக்கே இந்தப் பாடுபடுறியள்?" என்றாள். "உது எங்களுக்குப் பங்கருக்கை இருக்கேக்கையே தெரியுமே மோனை. கிபிர் வந்தா நாங்கள் என்ன சொல்லுறது? தலைக்கு மேலை விட்டா எங்களுக்கில்லை. முன்னுக்கு நிக்கிறவனுக்குத்தான்."

அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் வாசகம் அது. பதுங்குகுழிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, வானத்தைப் பார்த்து, "தலைக்கு மேலை விட்டிட்டான், எங்களுக்கில்லை, பயப்பிடாதை" என்று ஒரு தாலாட்டுப்போலச் சொல்வார்களாம். கிபிர் விமானம் போகும் வேகம் அது விடும் குண்டிலும் இருப்பதால் அது முன்னே போய்த்தான் விழும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. சொன்னவர்கள் அதைக் கணக்காகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொன்னார்கள். நான் நொண்டிக்கொண்டே, "பாத்தீங்களா அக்கா, பெரியம்மாவே பாஸ்" என்றேன்.

வதனியக்கா எழும்பி, கோப்பையைக்கூட வாங்காமல், கொட்டிலுக்குள் போய்விட்டாள். "வெயில் ஒத்துக்கொள்ளேல்லை அவளுக்கு" என்றாள் பெரியம்மா. நாங்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வெற்றி பெற்றவர்களாகப் பிரிந்துபோனோம்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வந்தாள். தறப்பாளுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. நான் கரும்பலகையில் பலூனை வரைந்து, மூட்டைக்கு மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் அந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே, வினாத்தாளில் உள்ள ஒரு கணக்கை வாசித்துக் காட்டுவதைப் போலச் சொன்னாள்.

"கண்ணன் தண்ணிக்குப் போனவன். கிணறு எங்கட பங்கரிலையிருந்து கொஞ்சம் தூரம். அவன் வாளியோடை திரும்பி வாறான், நான் பங்கர் வாசலிலை நிக்கிறன். கிபிர் எனக்குப் பின்னாலையிருந்து வந்தது. என்ர தலைக்கு மேலை வைச்சுத்தான் விட்டது, ரெண்டு கண்ணாலையும் பாத்தனான். எனக்குத்தான் விழப்போகுது எண்டு நினைச்சன். இங்காலை வராதை, திரும்பி ஓடடா எண்டு கத்தினன். அவன் எப்பவும் நான் சொன்னாக் கேக்கமாட்டான். அண்டைக்குக் கேட்டவன்."

வாய்ப்பாடு ஏழிலிருந்து எட்டுக்குப் போனது.

"அம்மா சொல்லுறதை நான் சும்மா பயம் தெளியச் சொல்லுற கதை எண்டுதான் நினைச்சிருந்தன். பிறகு இந்தக் கணக்கைப் பாத்தன். புத்தகம் பிழையா இருந்தா எனக்கு நல்லம் எண்டு நினைச்சன், அவ்வளவுதான்."

"அக்கா, நீங்க அவரைக் காப்பாத்தத்தானே கத்தினீங்க. அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றான், எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கும் றியாஸ். "ஓமடா" என்றாள் அவள். "தெரியாட்டித்தானே பிரச்சினை." என் கையில் துணி இருந்தது. பலகையை அழிக்கலாமா என்று யோசித்து, அழித்தால் அது ஒரு பேச்சாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியாது" என்றாள் வதனியக்கா. "அவ பங்கருக்குள்ளை காதைப் பொத்திக்கொண்டு இருந்தவ. சொல்லிப்போடாதையுங்கோ." பிறகு கொப்பியைத் திறந்து, "அடுத்த கணக்குக்குப் போவம்" என்றாள். பரீட்சை வரைக்கும் அந்தப் பலூன் கணக்கை நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. வந்தால் வரட்டும், ஒரு கேள்விதானே என்று றியாஸ் என்னிடம் தனியாகச் சொன்னான். எத்தனையோ ஆண்டுத் தாள்களில் அது வரவில்லை, இந்த ஆண்டும் வராது என்று நான் ஆதாரமில்லாமல் உறுதியளித்தேன்.

வந்தது. ஆகஸ்ட் மாத வெக்கையில், வேறொரு ஊரின் பெரிய பள்ளிக்கூட மண்டபத்தில், தாளைப் புரட்டினால் பலூன் அங்கே மேலே போய்க்கொண்டிருந்தது. எண்கள்கூட அவ்வளவாக மாறவில்லை. வதனியக்கா எனக்கு முன்வரிசையில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தாள். எனக்கு அவளுடைய முதுகும் பின்னலும் மட்டும் தெரிந்தன. சுற்றிவர எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க, அவளுடைய கை அசையாமல் இருந்தது. மேற்பார்வையாளர் ஒருவர் அவளைத் தாண்டிப் போகும்போது குனிந்து ஏதோ கேட்டார்; அவள் தலையை ஆட்டினாள். நான் என் தாளை மறந்துபோய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் என் பெறுபேற்றுக்கு ஓர் உருக்கமான காரணம் கிடைக்கும். அப்படி இல்லை, பார்க்காத நேரத்திலும் எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருமுறை நிமிர்ந்தபோது அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில், பரீட்சை எழுதிய எல்லோரும் செய்வதைப் போல விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. றியாஸ்தான், சைக்கிள் பூட்டைத் திறக்கிற பாவனையில் குனிந்துகொண்டு, "அக்கா, பலூனுக்கு நாலு செக்கன்தானே?" என்றான்.

"ஓம். நாலு."

"மற்றதை வெட்டினீங்களா?"

"வெட்டினன்" என்றாள். "நேரம் பின்னுக்குப் போகாதெண்டு எழுதித்தான் வெட்டினன்." குழாயில் முகத்தைக் கழுவி, பஸ் வருகிறதா என்று பார்க்கத் தெருவுக்குப் போனாள்.

பெறுபேறு வந்த நாள், மன்னார் பட்டினத்தில் ஒரு 'கொமினிகேசன்' கடையில், நாலைந்து ஊர்களின் பிள்ளைகள் ஒரே கணினியைச் சுற்றி நின்றோம். கடைக்காரர் சுட்டெண்ணைத் தட்ட, ஒவ்வொருவராக விதி திரையில் வந்தது. எனக்கு மூன்று பாடமும் தவறு. அதில் ஓர் ஒழுங்கு இருந்ததை மறுக்க முடியாது. றியாஸ் இரண்டில் தப்பிப் பிழைத்தான். வதனியக்காவுடையது வந்தது. இணைந்த கணிதம் சித்தி. பௌதிகவியல் சித்தி. நான் "அக்கா!" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் திரையைக் கொஞ்சம் கீழே இழுத்தார். இரசாயனவியலில் தவறிவிட்டாள். போன தடவை அதிகம் பாடுபடாமலே சித்தியடைந்த பாடம். அதைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

அவள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இனி ஒருக்காத் தட்டிப் பாருங்கோ அண்ணை" என்றாள். அவர் மறுபடி தட்டினார். அதேதான் வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், கடலேரியைத் தாண்டும் பாலத்தில் காற்று வந்து எல்லோர் முகத்திலும் அடித்தது. அவள் ஒரே ஒரு தடவை பேசினாள். "அப்ப அந்தப் பலூன் கணக்கை நான் எழுதாமலே விட்டிருக்கலாம், என்னடா?" என்றாள். பாலம் முடிந்து, உப்பு வெளி வந்து, இராணுவச் சென்றியில் எங்களை இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள்.

அடுத்த மாதம் அவள் விடியற்காலை பஸ்ஸில் ஏறினாள். பெரியம்மா அன்று மறுபக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. தெருவுக்கு வந்து, சாப்பாட்டுப் பெட்டியை யன்னலால் கொடுத்தாள்.

இப்போது அந்தத் தகரக் கொட்டில் இல்லை. நாடாவும் இல்லை, அந்தப் பக்கம் முழுவதும் வயலாகிவிட்டது, எங்கள் முதல் விளாம்பழம் போய்ச் சேர்ந்த இடத்தில் யாரோ பயிற்றை நட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மாடிக் கட்டடம் வந்திருக்கிறது. மேல்மாடியில் கண்ணாடி அலுமாரிகளோடு ஒரு பௌதிக ஆய்வுகூடமும் உண்டு, கீழே எதையாவது போட்டுப் பார்க்க வசதியாக ஒரு விறாந்தையும் உண்டு. ஆனால் அந்தப் பிரிவில் சேரப் பிள்ளைகள் இல்லாததால் ஆய்வுகூடத்தில் கதிரைகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். கடைசியில் ஓர் ஆசிரியர் வந்தாராம். வந்து, இரண்டு வருடம் காலியான வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். றியாஸ் கட்டாரில் பாரந்தூக்கி ஓட்டுகிறான். விட்ட சாமான் எங்கே விழும் என்பதில் அவனுக்கு இப்போது சம்பளம். என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாற்பது ஆக இன்னும் நாள் இருந்தாலும், தலைமுடியும் வயிறும் எனக்கு முன்னமே நடுவயதில் போய் இருந்துகொண்டு என்னைக் கூப்பிடுகின்றன. சிரிப்பதற்கென்று பத்திரிகைகளில் ஏதாவது எழுதிக் காலம் தள்ளுகிறேன்.

பெரியம்மா தவறி ஒரு வருடமாகிறது. கடைசிவரை அவளுக்கு அது தெரியாது. செத்த வீட்டுக்குப் போயிருந்தபோது, இதை எழுதலாமா என்று வதனியக்காவிடம் கேட்டேன். தொழிற்சாலையை விட்டுவிட்டு, இப்போது பிரதேச செயலகத்துக்கு முன்னால் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறாள். "எழுது. என்ர பேரைப் போடாதை, அவன்ர பேரையும் போடாதை" என்றாள். "அழுறமாதிரி எழுதாதை, சனம் வாசிக்காது." பெயர்களை மாற்றிவிட்டேன். மற்றதில் என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

போன மாதம் மன்னார் பஸ் நிலையத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றபோது, பக்கத்துப் புத்தகக் கடையில் பழைய வினாத்தாள்களைப் புள்ளித்திட்டத்தோடு சேர்த்துக் கட்டிய ஒரு தொகுதி கண்ணில் பட்டது. எடுத்து, எங்கள் ஆண்டின் தாளைத் தேடினேன். கடைக்காரர் என் தலையைப் பார்த்து, "பிள்ளைக்கோ?" என்று கேட்டார், ஓம் என்று சொல்லிவிட்டேன். கேள்வி அப்படியே இருந்தது. எந்த வரிக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று எதிர்ப்பக்கத்தில் பிரித்துப் போட்டிருந்தார்கள். சமன்பாட்டுக்கு இரண்டு புள்ளி. விடைக்கு இரண்டு புள்ளி. மூட்டையின் தொடக்க வேகத்தைப் பலூனின் வேகமாக, அதன் திசையோடு எழுதியதற்கு ஒரு புள்ளி.